இயற்கை விளைச்சலும் அதன் சான்றும்: திருவனந்தபுரத்தில் வாங்குவோர் அறிய வேண்டியவை

இயற்கை வேளாண் சான்று என்பது, ஒரு விளைபொருள் எந்த நிலத்தில், என்ன உரமிட்டு, பூச்சியையும் களையையும் எப்படிச் சமாளித்து விளைவிக்கப்பட்டது என்பதற்கான எழுத்துபூர்வமான உறுதி. ரசாயன உரம், ரசாயனப் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, மரபணு மாற்றிய விதை ஆகிய நான்கையும் தவிர்த்தே அந்த நிலத்தில் பயிர் செய்யப்பட்டது என்று அது சொல்கிறது. விளைந்த காயை ஆய்வகத்தில் பரிசோதித்து அதில் நஞ்சு இருக்கிறதா என்று பார்ப்பது வேறு வேலை. சான்றின் கண் முதன்மையாக வயலின் மேல்தான் இருக்கும்.

கடையில் அடுக்கி வைத்திருக்கும் பாகற்காயைக் கையில் எடுத்துப் பார்த்து அது எப்படி விளைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. நிறமோ மணமோ வளைந்த வடிவமோ அதற்குச் சாட்சி ஆகாது. புழு துளைத்த ஓட்டைகூட ஆகாது. மருந்தடித்த தோட்டத்திலும் புழு வரும். நன்றாகப் பராமரித்த இயற்கைத் தோட்டத்தில் ஓட்டையில்லாத கத்தரிக்காயும் கிடைக்கும். விளைவித்தவர் யார், எப்படி விளைவித்தார் என்பது வாங்குபவருக்குத் தெரியாதபோது அந்த இடைவெளியை நிரப்ப வருவதுதான் சான்று. இடைவெளி எவ்வளவு தூரமோ அதற்கேற்ப சான்றின் வகையும் மாறுகிறது.

திருவனந்தபுரத்துக்கு இந்தக் கேள்வி மிக நெருக்கமானது. நகரத்தின் சந்தையான சாலைத் தெருவுக்கு லாரி லாரியாக வந்திறங்கும் காய்கறியில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து, ஆரல்வாய்மொழிக்கு அப்பாலிருந்து வருகிறது. அதே சமயம் நகரத்தின் தெற்கு விளிம்பில் வெள்ளாயணி ஏரியை ஒட்டிய புஞ்சக்கரி, கல்லியூர், பள்ளிச்சல் பகுதிகளிலும், வடக்கிலும் கிழக்கிலும் நெடுமங்காடு, வெள்ளநாடு பகுதிகளிலும் கீரையும் பயறும் புடலையும் வாழையும் மரவள்ளியும் விளைகின்றன. தொலைவிலிருந்து வருவது, பக்கத்தில் விளைவது என்ற இரண்டும் ஒரே தட்டில் விற்கும் ஊர் இது.

கேரளத்தில் இயற்கை வேளாண்மை வந்த வழி

ரசாயனம் இல்லாத வேளாண்மை என்ற கருத்துக்கு உலக அளவில் வடிவம் கொடுத்தவர்களில் ஒருவர் ஆல்பர்ட் ஹோவர்ட். இந்தூரில் இந்திய உழவர்களின் முறைகளைக் கவனித்து, இந்தூர் முறை என்று இன்றும் பெயர் சொல்லப்படும் மட்கு உரம் தயாரிப்பை அவர் வகுத்தார். 1972இல் பிரான்ஸில் இயற்கை வேளாண் இயக்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு தோன்றியது. ஒரு நாட்டில் விளைந்த பொருளை இன்னொரு நாட்டுக்காரர் நம்பி வாங்க வேண்டிய நிலை வந்தபோது, எழுதப்பட்ட விதிகளும், அவற்றைச் சரிபார்க்கும் வெளியாள்களும் தேவைப்பட்டார்கள். சான்று நிறுவனங்கள் வளர்ந்தது இந்தத் தேவையால்தான்.

கேரளத்தில் இயற்கை வேளாண்மைக்கு வேகம் கொடுத்தது ஒரு பெருந்துயரம். காசர்கோடு மாவட்டத்தில் அரசுத் தோட்டக் கழகத்தின் முந்திரித் தோட்டங்களில் 1970களின் பிற்பகுதி தொடங்கி 2000 வரை எண்டோசல்ஃபான் என்ற பூச்சிமருந்து ஹெலிகாப்டரிலிருந்து தெளிக்கப்பட்டது. தோட்டங்களைச் சுற்றியிருந்த ஊர்களில் உடற்குறையோடு பிறந்த குழந்தைகளும் தீராத நோயாளிகளும் பெருகினார்கள். நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த மருந்தை நாடு முழுவதும் தடை செய்தது. பூச்சிமருந்து என்பது வயலோடு முடியும் விஷயமல்ல என்பதைக் கேரளம் தன் பிள்ளைகளின் உடலில் கண்டு தெரிந்துகொண்டது.

இந்தப் போராட்டத்தில் முன்னின்ற அமைப்புகளில் ஒன்று, 1986இல் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்ட 'தணல்'. நஞ்சை எதிர்ப்பதோடு நிற்காமல், நஞ்சில்லாமல் விளைவிப்பவருக்குச் சந்தை வேண்டும் என்று அது நினைத்தது. 2003இல் நகரத்தில் 'ஆர்கானிக் பஜார்' என்ற விற்பனை மையத்தைத் தொடங்கியது. சுற்றுப்புற விவசாயிகளின் காய்கறியும் பழமும் அரிசியும் இடைத்தரகர் இன்றி நகரவாசிகளின் வீட்டுக்குப் போக வழி பிறந்தது. மாநிலத்தின் பிற பகுதிகளில் கேரள ஜைவ கர்ஷக சமிதி போன்ற உழவர் அமைப்புகளும் இதே பாதையில் உழைத்துவந்தன.

மாநிலப் பல்லுயிர் வாரியம் முன்னின்று தயாரித்த இயற்கை வேளாண் கொள்கையைக் கேரள அரசு 2010இல் ஏற்றது. மாநிலத்தைப் படிப்படியாக முழு இயற்கை வேளாண்மைக்கு மாற்றுவது அதன் குறிக்கோள். அந்தக் குறிக்கோள் எட்டப்படவில்லை. எனினும் உழவர் குழுக்கள், உள்ளூர்ச் சந்தைகள், குறைந்த செலவில் சான்று என்று இன்று இருக்கும் ஏற்பாடுகள் பலவற்றுக்கு அந்தக் கொள்கை இடம் கொடுத்தது. 2015இல் தமிழ்நாட்டிலிருந்து வரும் காய்கறிகளில் பூச்சிமருந்து எச்சம் அளவுக்கு மீறி இருப்பதாகக் கேரளத்து உணவுப் பாதுகாப்புத் துறை சொன்னது. தமிழ்நாட்டு அரசு அதை மறுத்தது. அந்த வாக்குவாதத்தின் விளைவாக, காய்கறி எங்கிருந்து வருகிறது என்று கேட்கும் பழக்கம் கேரளத்து வீடுகளில் வலுப்பட்டது.

மூன்றாம் தரப்புச் சான்று

இந்தியாவில் இரண்டு சான்று முறைகளுக்கு அரசு ஏற்பு உண்டு. முதலாவது, மத்திய வணிக அமைச்சகத்தின் கீழ் 2001 முதல் நடைமுறையில் இருக்கும் தேசிய இயற்கை உற்பத்தித் திட்டம். சுருக்கமாக என்.பி.ஓ.பி. என்பார்கள். வேளாண் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையமான அபேடா இதை நிர்வகிக்கிறது. விற்பவரும் வாங்குபவரும் அல்லாத மூன்றாவது ஒருவர், அதாவது அங்கீகாரம் பெற்ற சான்று நிறுவனம், நிலத்துக்கு வந்து பார்த்துச் சான்று தருவது இந்த முறை. ஆலுவாவில் இயங்கும் இண்டோசெர்ட், திருவல்லாவில் இயங்கும் லேகான் ஆகியவை கேரளத்தில் உள்ள இத்தகைய நிறுவனங்கள். தமிழ்நாட்டில் கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுத் துறையே இந்தச் சான்றை வழங்குகிறது.

இதில் சேர விரும்பும் விவசாயி முதலில் மாற்றக் காலத்தைக் கடக்க வேண்டும். நெல், காய்கறி போன்ற ஆண்டுப் பயிருக்கு விதைப்புக்கு முன் குறைந்தது 2 ஆண்டுகள்; தென்னை, மிளகு போன்ற பல்லாண்டுப் பயிருக்கு முதல் அறுவடைக்கு முன் குறைந்தது 3 ஆண்டுகள். அந்தக் காலத்தில் இயற்கை முறையிலேயே பயிர் செய்ய வேண்டும். ஆனால் விளைச்சலை இயற்கை விளைச்சல் என்று விற்க முடியாது. மண்ணில் தங்கிய பழைய ரசாயனம் குறையவும், மண்ணுயிர்கள் திரும்பவும், உழவர் புதிய முறைக்குப் பழகவும் இந்தக் காலம் தேவைப்படுகிறது.

அடுத்தது இடைவெளி. பக்கத்து நிலத்தில் மருந்தடித்தால் காற்றிலும் மழை நீரிலும் அது வந்து சேராதபடி எல்லையில் உயிர்வேலியோ பயிரிடாத ஒரு பட்டையோ விட வேண்டும். என்ன விதைத்தது, விதை எங்கே வாங்கியது, எந்தத் தேதியில் எந்த இடுபொருள் இட்டது, எவ்வளவு அறுத்தது, யாருக்கு விற்றது என்று எல்லாவற்றுக்கும் பதிவேடு வேண்டும். ஆண்டுதோறும் ஆய்வாளர் வருவார். அறுவடையான அளவும் விற்ற அளவும் பொருந்துகிறதா என்று பார்ப்பார். அரை ஏக்கர் நிலத்துக்காரர் பத்து ஏக்கர் விளைச்சலை விற்றதாகக் கணக்கு காட்டினால் பிடிபடுவது இந்த இடத்தில்தான். சரக்கின் பயணத்தை வயலிலிருந்து துறைமுகம் வரை தொடர 'டிரேஸ்நெட்' என்ற இணையப் பதிவும் உண்டு.

சிறு விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து இந்தச் சான்றைப் பெறவும் வழி உண்டு. குழுவுக்குள்ளேயே ஒரு கண்காணிப்பு அமைப்பு ஒவ்வோர் உறுப்பினரையும் பார்க்கும். சான்று நிறுவனம் அந்த அமைப்பையும், மாதிரிக்குச் சில நிலங்களையும் பார்க்கும். ஏலக்காய், மிளகு, காப்பி, தேயிலை என ஏற்றுமதியாகும் கேரளத்து விளைபொருள்களுக்கு இந்தச் சான்றுதான் பொருந்தும். கடல் கடந்து வாங்குபவர் இடுக்கிக்கு வந்து தோட்டத்தைப் பார்க்கப்போவதில்லை. அவருக்கு வெளியாளின் கையெழுத்து தேவை.

ஆனால் திருவனந்தபுரத்து வீட்டுத்தோட்டக்காரருக்கு இது எட்டாது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் ஒரு நிலவுடைமையின் சராசரி அளவு 0.18 ஹெக்டேர், ஏறத்தாழ 44 செண்ட். இந்திய சராசரி 1.08 ஹெக்டேர். 44 செண்டில் வீடும் கிணறும் போக மிஞ்சும் இடத்தில் நாலு தென்னை, இருபது வாழை, ஒரு பந்தல் புடலை, கொஞ்சம் சேனை. இந்த விளைச்சலில் வரும் காசில் ஆய்வாளரின் கட்டணத்தையும் பயணச் செலவையும் கொடுத்தால் மிச்சம் எதுவும் இராது.

பங்கேற்புச் சான்று

இந்தச் சிக்கலுக்கு விடையாக வந்தது இரண்டாவது முறை: பங்கேற்பு உறுதி முறை, பி.ஜி.எஸ். பிரேசில், பிரான்ஸ் போன்ற நாடுகளின் சிறு விவசாயிகள் வெளியாள் சான்றுக்கு மாற்றாக உருவாக்கிய வழி இது. இந்தியாவில் மத்திய வேளாண் அமைச்சகம் 2011இல் பி.ஜி.எஸ். இந்தியா என்ற பெயரில் இதைத் தொடங்கியது. காசியாபாத்தில் உள்ள தேசிய இயற்கை வேளாண் மையம் இதற்குத் தலைமை.

ஒரே ஊரில் அல்லது அக்கம்பக்கத்தில் இருக்கும் குறைந்தது ஐந்து விவசாயிகள் ஒரு குழுவாகச் சேர வேண்டும். விதிகளைப் பின்பற்றுவதாக ஒவ்வொருவரும் எழுத்தில் உறுதிமொழி தர வேண்டும். கூட்டங்களுக்கும் பயிற்சிக்கும் வர வேண்டும். ஒவ்வொரு பயிர்ப் பருவத்திலும் குழுவின் மற்ற உறுப்பினர்கள் ஒருவர் நிலத்துக்குப் போய்ப் பார்த்து, படிவத்தை நிரப்பி, கையெழுத்திட வேண்டும். மண்டல மன்றம் அதைச் சரிபார்த்துச் சான்றை வழங்கும். மாற்றக் காலத்தில் இருப்பவருக்கு 'பி.ஜி.எஸ். கிரீன்', அதைக் கடந்தவருக்கு 'பி.ஜி.எஸ். ஆர்கானிக்'. உள்நாட்டு விற்பனைக்கு மட்டுமே இது செல்லும்.

தன்னைப் போன்ற விவசாயியே தனக்குச் சான்று தந்தால் அது எப்படி நம்பத்தக்கது என்ற ஐயம் இயல்பாக எழும். அதற்கு விடை, அந்தச் சோதனை நடக்கும் விதத்தில் இருக்கிறது. பயறு பயிரிட்ட ஒருவரின் தோட்டத்துக்கு, பயறையே ஆண்டுக்கணக்கில் பயிரிட்ட மூன்று பேர் வருகிறார்கள். முதலில் பம்ப் செட் அறைக்குள்ளும் விறகுக் கொட்டகையின் பின்புறமும் பார்க்கிறார்கள். காலி மருந்து பாட்டில் கிடந்தால் அங்கேதான் கிடக்கும். அசுவினி அப்பும் பருவத்தில் கொடி ஒரு பூச்சிகூட இல்லாமல் பளபளவென்று இருந்தால், என்ன தெளித்தாய் என்று கேட்கிறார்கள். வேப்பெண்ணெயும் பூண்டும் கலந்த கரைசல் என்று பதில் வந்தால் எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு என்று கேட்கிறார்கள். வரப்பில் புல் காய்ந்து கருகியிருந்தால் அது வெயிலா களைக்கொல்லியா என்பது அவர்களுக்குப் பார்த்தவுடன் தெரியும். சாணம் யார் வீட்டு மாட்டுடையது, மேட்டில் இருக்கும் ரப்பர் தோட்டத்தில் மருந்து தெளித்தால் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும் என்பதும் தெரியும். ஆண்டுக்கொருமுறை வரும் ஆய்வாளரைவிட, நாள்தோறும் அந்த வேலியைக் கடந்து போகிறவரின் கண் கூர்மையானது. ஒருவர் செய்யும் தவறு குழுவின் பெயரையே கெடுக்கும் என்பதால் மற்றவர்கள் கண்டுகொள்ளாமல் விடுவது கடினம்.

இந்த முறைக்குக் குறையும் உண்டு. உறவும் நட்பும் சில இடங்களில் கண்டிப்பைத் தளர்த்தும். கூட்டம் கூடாமலே கூடியதாக எழுதும் குழுக்களும் இருக்கும். அரசுத் திட்டத்தின் இலக்கை எட்ட அவசரமாகச் சேர்க்கப்பட்ட குழு, மானியம் நின்றதும் கலைந்துபோகும். ஆகவே சான்றைக் காட்டும் குழு இப்போதும் உயிரோடு இயங்குகிறதா என்று வாங்குபவர் கவனிக்க வேண்டும்.

சட்டமும் பொட்டலத்தின் முகப்பும்

இயற்கை உணவு என்று சொல்லி விற்பதற்கு 2017இல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் ஒழுங்குவிதிகளைக் கொண்டுவந்தது. அவை 2018 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தன. மேலே சொன்ன இரண்டு முறைகளில் ஒன்றின்படி சான்று பெற்ற பொருளைத்தான் இயற்கை உணவு என்று முகப்பில் அச்சிட்டு விற்கலாம். 'ஜைவிக் பாரத்' என்ற அடையாளக்குறி இதற்காக அறிமுகமானது. பூச்சிமருந்து எச்சத்துக்கும் தனி வரம்பு வைக்கப்பட்டது: பொதுவான உணவுக்கு அனுமதித்த உச்ச அளவில் 5 சதவீதம், அல்லது ஆய்வுக் கருவியால் அளந்து சொல்ல முடிந்த மிகக் குறைந்த அளவு, இவற்றில் எது கூடுதலோ அது. சுழி என்று சட்டம் சொல்லாததற்குக் காரணம் உண்டு. காற்றாலும் நீராலும் வந்து சேரும் சிறு எச்சத்துக்கு நேர்மையான விவசாயியைத் தண்டிக்க முடியாது.

தானே விளைவித்ததைத் தானே நேரடியாக உண்பவரிடம் விற்கும் சிறு உற்பத்தியாளருக்கும் உற்பத்தியாளர் குழுவுக்கும் இந்தச் சான்று கட்டாயமில்லை என்று அதே விதிகள் விலக்கு அளிக்கின்றன. வாரச்சந்தையில் கூடையோடு உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் சான்றிதழ் கேட்டு அதிகாரி வரமாட்டார். அந்த விலக்கில் விற்பவர் ஜைவிக் பாரத் குறியைப் பயன்படுத்தக் கூடாது. அங்கே நம்பிக்கை என்பது விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே உருவாக வேண்டியது.

பொட்டலத்தில் வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில. அடையாளக்குறியின் படம் மட்டும் போதாது. சான்று நிறுவனத்தின் பெயரும் சான்று எண்ணும், அல்லது பி.ஜி.எஸ். குழுவின் அடையாள எண்ணும், உணவு உரிம எண்ணும் இருக்க வேண்டும். சான்றிதழையே காட்டினால் அதில் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். யார் பெயருக்கு, எந்தப் பயிர்களுக்கு, எந்தத் தேதி வரை. தேங்காய்க்கும் மிளகுக்கும் சான்று வாங்கிய ஒருவர் அதே சான்றிதழைச் சுவரில் மாட்டிவிட்டுத் தக்காளி விற்றால், அந்தத் தக்காளிக்கு அது செல்லாது. காலாவதியான சான்றும் செல்லாது.

பொய்யாக முகப்பிட்டு விற்றால் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 3 லட்சம் ரூபாய் வரையும், ஏமாற்றும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்க இடமுண்டு. அந்தந்தப் பகுதி உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் யார் வேண்டுமானாலும் புகார் தரலாம்.

'நாட்டுக்காய்', 'பாதுகாப்பான காய்கறி', 'பண்ணைப் பசுமை' என்றெல்லாம் எழுதியிருப்பவற்றை இயற்கை விளைச்சல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உள்ளூரில் விளைந்தது என்றால் உள்ளூரில் விளைந்தது என்று மட்டுமே பொருள். 'சேஃப் டு ஈட்' என்பது எச்சம் வரம்புக்குள் இருப்பதைக் குறிக்கும். நல்ல வேளாண் நடைமுறை என்ற பெயரில் விளைவிப்பதில் தேவைக்கேற்ற ரசாயனத்துக்கும் இடமுண்டு. மூன்றும் பயனுள்ளவைதான், ஆனால் மூன்றும் இயற்கை வேளாண்மை அல்ல. அரசு நிறுவனமான ஹார்ட்டிகார்ப்பின் கடையிலும் விவசாயிகளின் சந்தையிலும் இருப்பதெல்லாம் இயற்கை விளைச்சல் என்று நினைத்துக்கொள்வது வாங்குவோர் செய்யும் பொதுவான பிழை.

வெள்ளாயணியின் ஆய்வகம்

காயில் எச்சம் இருக்கிறதா என்ற கேள்விக்கு விடை தரும் இடமும் திருவனந்தபுரத்திலேயே இருக்கிறது. 1955இல் தொடங்கிய வெள்ளாயணி வேளாண் கல்லூரியில் உள்ள பூச்சிமருந்து எச்ச ஆய்வகம் தேசிய அங்கீகாரம் பெற்றது. 2013 முதல் மாநிலத்தின் கடைகளிலிருந்து காய்கறி, பழம், மசாலாப் பொருள்களை எடுத்துப் பரிசோதித்து முடிவுகளை வெளியிட்டு வருகிறது. கறிவேப்பிலை, பச்சை மிளகாய், கொத்தமல்லி, புதினா போன்றவற்றில் எச்சம் அடிக்கடி காணப்பட்டதை அந்த அறிக்கைகள் காட்டின. இவை யாவும் கேரளத்து வீட்டு முற்றத்தில் தொட்டியில் வளர்க்கக்கூடியவை என்பதைக் குடும்பங்கள் கவனிக்க வேண்டும். இயற்கைக் காய் வாங்க வசதி இல்லாத வீட்டில்கூட ஒரு கறிவேப்பிலைக் கன்றும் இரண்டு மிளகாய்ச் செடியும் வைத்தால் ஆபத்தின் ஒரு பகுதி குறையும். புளிக்கரைசலில் ஊறவைத்து, ஓடும் தண்ணீரில் கழுவுவது மேலே படிந்த எச்சத்தைக் குறைக்கும். செடிக்குள் ஊடுருவிய மருந்தை அது எடுக்காது.

ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இயங்கும் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையமும் இயற்கை விவசாயிகளுக்குத் துணை. சேனைக்கிழங்கை இயற்கை முறையில் பயிரிட்டபோது விளைச்சல் வழக்கமான முறையைவிட ஏறத்தாழ 20 சதவீதம் கூடியதை அதன் ஆய்வு காட்டியது. மரவள்ளி இலையிலிருந்து நன்மா, மென்மா, ஷ்ரேயா என்ற பூச்சிவிரட்டிகளை அது உருவாக்கியது. அவற்றில் மென்மா, வாழையைத் துளைக்கும் தண்டுக் கூன்வண்டுக்கு எதிராகப் பயன்படுகிறது. ரசாயனத்தை விட்டால் விளைச்சலே இல்லை என்ற அச்சத்துக்கு, கிழங்குப் பயிர்களைப் பொறுத்தவரை, ஆதாரத்தோடு பதில் கிடைத்திருக்கிறது.

விளைவிப்பவரைத் தேடிப் போகும் வழிகள்

முதல் படி, வேளாண் துறையின் உள்ளூர் அலுவலகமான கிருஷி பவன். கேரளத்தில் ஊராட்சிதோறும் ஒரு கிருஷி பவன் உண்டு. அந்த எல்லைக்குள் யார் யார் இயற்கை முறையில் பயிர் செய்கிறார்கள், எந்தக் குழுவுக்கு பி.ஜி.எஸ். சான்று இருக்கிறது, வாரச்சந்தை எந்த நாளில் கூடுகிறது என்பதை அங்கே கேட்டறியலாம். விவசாயிகள் குழுக்கள் நடத்தும் 'எக்கோ ஷாப்' கடைகளும் வேளாண் துறையோடு தொடர்புடையவை.

இரண்டாவது, கேரள அரசின் மகளிர் குழுத் திட்டமான குடும்பஸ்ரீ. பெண்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து குத்தகை நிலத்தில் பயிர் செய்யும் குழுக்கள் மாநிலம் முழுவதும் இருக்கின்றன. 2024இல் 'நேச்சர்ஸ் ஃப்ரெஷ்' என்ற பெயரில் காய்கறிக் கடைகளும் தொடங்கப்பட்டன. குடும்பஸ்ரீ குழுக்கள் எல்லாம் இயற்கை முறையைப் பின்பற்றுகின்றன என்று சொல்ல முடியாது. கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

மூன்றாவது, தணல் போன்ற அமைப்புகளின் விற்பனை மையங்கள். இவற்றின் பலம், விவசாயியை நேரில் அறிந்து வாங்குவது. நான்காவது, வெள்ளநாட்டில் மித்ரநிகேதன் நடத்தும் வேளாண் அறிவியல் மையம், வெள்ளாயணிக் கல்லூரி போன்ற நிறுவனங்கள். இங்கே பயிற்சி பெற்ற விவசாயிகளை அவற்றின் வழியாகக் கண்டறியலாம்.

விவசாயியைச் சந்தித்த பிறகு கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. எத்தனை ஆண்டாக இப்படிப் பயிர் செய்கிறீர்கள்? உரம் எங்கிருந்து வருகிறது? இந்தப் பயறுக்குப் பூச்சி வந்தால் என்ன செய்வீர்கள்? பக்கத்து நிலத்தில் என்ன பயிர்? ஒருநாள் தோட்டத்துக்கு வரலாமா? கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் சொல்லும். உண்மையாகப் பயிர் செய்கிறவர் தோட்டத்தைக் காட்ட ஆசைப்படுவார். பூச்சியே வராது என்று சொல்பவரைவிட, போன பருவத்தில் பாகற்கொடி பாதி போய்விட்டது என்று சொல்பவரை நம்பலாம்.

பருவமும் ஒரு சாட்சி. கேரட்டும் உருளைக்கிழங்கும் வட்டவடை, காந்தல்லூர் போன்ற இடுக்கியின் உயர்ந்த மலைகளிலும் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் விளைபவை. ஆண்டு முழுவதும் கேரட்டை அடுக்கிவைத்து, எல்லாம் நெய்யாற்றின்கரையில் எங்கள் தோட்டத்தில் விளைந்தது என்று ஒரு கடைக்காரர் சொன்னால் அது உண்மையாக இராது. உள்ளூர் விளைச்சலை நம்பி வாங்கும் வீடு, கீரை, பயறு, வெள்ளரி, பூசணி, சேனை, சேம்பு, மரவள்ளி, வாழைக்காய், முருங்கை என்று பருவத்தை ஒட்டிச் சமைக்கப் பழக வேண்டும். பருவத்துக்கு மாறான காய்க்குத்தான் மருந்தும் அதிகம் தேவைப்படுகிறது.

சான்று சொல்லாதவை

சான்றுக்கு எல்லை உண்டு. காயின் சத்து கூடுதல் என்று அது உறுதி சொல்லவில்லை. கிருமி இல்லை என்றும் சொல்லவில்லை. சரியாக மட்காத சாணம் இட்ட நிலத்துக் கீரையில் நோய்க்கிருமி இருக்கலாம். இயற்கைக் கீரையையும் நன்றாகக் கழுவித்தான் சமைக்க வேண்டும். விவசாயிக்கு நியாயமான விலை போய்ச் சேர்ந்தது என்பதற்கும் அது ஆதாரமல்ல. கடையில் கொடுக்கும் கூடுதல் விலையில் எவ்வளவு உழவருக்குப் போகிறது என்பதைத் தனியே கேட்டுத்தான் அறிய வேண்டும்.

விலையும் ஒரு தடைதான். எல்லாக் காயையும் இயற்கைக் காயாக வாங்க எல்லாக் குடும்பங்களாலும் முடியாது. எச்சம் அதிகம் காணப்படும் இலைவகைகளையும் மிளகாயையும் முதலில் மாற்றிக்கொண்டு, கிழங்கு, பூசணி போன்றவற்றைப் பிறகு பார்ப்பது நடைமுறைக்கு ஏற்றது.

ஒரு விவசாயிக்கு மிகவும் கடினமானது மாற்றக் காலம். ரசாயனத்தை விட்டுவிட்டார், விளைச்சல் இன்னும் நிலைப்படவில்லை, இயற்கை விளைச்சலுக்குரிய விலையும் கேட்க முடியாது. பலர் பழைய முறைக்குத் திரும்பிப் போவது அந்த ஆண்டுகளில்தான். ஆகவே, தொலைவிலிருந்து வரும் பொட்டலமாக இருந்தால் சான்று எண்ணைச் சரிபார்த்து வாங்குங்கள். பக்கத்து ஊர்க் காயாக இருந்தால், உங்கள் கிருஷி பவனில் விசாரித்து ஒரு குழுவைத் தெரிந்துகொள்ளுங்கள், அவர்களில் 'பி.ஜி.எஸ். கிரீன்' நிலையில் இருப்பவரிடம், முழுச் சான்று வரும்வரை காத்திராமல், வாரந்தோறும் தவறாமல் வாங்குங்கள். அந்த நிலத்தை இயற்கை நிலமாக மாற்றுவதில் உங்கள் பங்கு அதுவே.